வரப்பில் வீசிய ஓடு

போன மாசம் குடும்பத்தோட கீழடி அருங்காட்சியகம் போயிட்டு வந்தோம். மதுரைக்குப் பக்கத்தில்தான். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டி, 2023 மார்ச்சில் திறந்தார்கள்.

கீழடியில் முதலில் தோண்டிய இடம் தென்னந்தோப்பு. மத்திய தொல்லியல் துறை 2014-15-ல் ஆரம்பித்தது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. செங்கல் சுவர், உறைகிணறு, ‘ஆதன்’ என்று தமிழியில் கீறிய பானை ஓடு எல்லாம் வெளியே வந்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியைச் சோதித்தபோது கி.மு. 580 என்று தெரிந்தது. எலும்புகளில் மாடு, எருமை, ஆடுதான் அதிகம். “அப்பவும் மாட்டை வச்சுத்தான் பொழப்பு ஓடியிருக்கு” என்றார் அப்பா.

அடுத்து கருப்பு சிவப்பு ஓடுகள். அப்பா அங்கேயே நின்னுட்டார். “டேய், இது நம்ம மேட்டுப் புஞ்சையில உழும்போது வருமே!”

ஆமாம். கொழுவில் மாட்டுதுன்னு பொறுக்கி வரப்பில் வீசுவோம். ரெண்டு வருஷம் முன்னாடி அதையெல்லாம் அள்ளி வண்டிப்பாதைப் பள்ளத்தில் நான்தான் கொட்டினேன்.

ஓட்டுக்கு மதிப்பே அது கிடந்த இடத்தில்தான் இருக்கு. எந்த ஆழம், எந்த மண் அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் சொல்கிறார்கள். அள்ளிக் கொட்டிய ஓடு வெறும் ஓடு.

“நாம கொட்டினதுலயும் பேரு எழுதியிருந்திருக்குமாப்பா?” என்றான் மகன். பதில் சொல்ல முடியல.

உங்களுக்கும் ஊரில் நிலம் இருந்தால், ஓடு கண்ட இடத்தைக் கிளறாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. நாங்களும் சொல்லப் போறோம்.