ஆங்கில வகுப்பில் தழுவல் திரைப்படங்களும் ஊடக எழுத்தறிவும்

பாடமாக வைக்கப்பட்ட நாடகத்தையோ நாவலையோ அதன் திரைவடிவத்துடன் சேர்த்துப் படித்து, ஊடகங்கள் பொருளைக் கட்டமைக்கும் விதத்தை மாணவர்க்கு உணர்த்தும் கற்பித்தல் முறை இது. மூலக்கதை முன்பே தெரியும் என்பதே இதன் பெரிய வசதி. செய்தியிலும் விளம்பரத்திலும் விடுபட்டது எதுவென்று பார்ப்பவருக்குத் தெரியாது. தழுவல் படத்தில் அது வெளிப்படையாகத் தெரிகிறது.

இங்கிலாந்தில் எஃப். ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்ஸனும் 1933இல் எழுதிய வகுப்பறை நூல், சினிமாவையும் விளம்பரத்தையும் மாணவர் ரசனையைக் கெடுக்கும் சக்திகளாகவே பார்த்தது. லென் மாஸ்டர்மன் 1985இல் வெளியிட்ட நூல் அந்தக் காவல் மனப்பான்மையைக் கைவிட்டு, ஊடகங்கள் உலகை எப்படிச் சித்திரிக்கின்றன என்ற விசாரணையை முன்வைத்தது. 1987இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் ஊடக எழுத்தறிவை ஆங்கிலப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. வட அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' இம்முறைக்கு மிகவும் பொருந்திவரும் நாடகம். அதன் 14 வரி முன்னுரையை பிராங்கோ ஸெஃபிரெல்லியின் படம் (1968) வெரோனா நகரின் மேல் கேமரா நகர, லாரன்ஸ் ஒலிவியேயின் குரலில் ஒலிக்கவிடுகிறது. பாஸ் லூர்மனின் படத்திலோ (1996) அதைச் சொல்பவர் ஒரு தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். முதலாவது பழங்கதையாகவும் இரண்டாவது இன்றைய வன்முறைச் செய்தியாகவும் காதில் விழுகின்றன. இவ்விரு தொடக்கங்களை மட்டும் வைத்தே ஒரு பாடவேளையை நடத்திவிடலாம். ஒருமுறை படத்தை மறைத்து ஒலியை மட்டும், மறுமுறை ஒலியை அடைத்துப் படத்தை மட்டும் காட்டுவது வழக்கமான உத்தி.

கல்லறைக் காட்சி இன்னும் கூர்மையானது. நாடகத்தில் ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸை ரோமியோ அங்கே கொல்கிறான். இரண்டு படங்களிலும் அந்தக் கொலை இல்லை. நாயகன் கறைபடாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று மாணவர் கேட்கத் தொடங்கும்போது பேச்சு இளம் ரசிகர்கள், நட்சத்திரம், வசூல் என்று விரிகிறது. லூர்மன் படத்தில் ரோமியோ உயிர் பிரியும் முன்பே ஜூலியட் கண் விழித்துவிடுகிறாள். இது சினிமா செய்த அத்துமீறல் என்று கருதுவோருக்கு ஒரு தகவல்: மேடையிலேயே 1748இல் டேவிட் காரிக் ஜூலியட்டை முன்னதாக எழுப்பி, இருவருக்கும் உரையாடலும் எழுதிச் சேர்த்தார்.

நடைமுறையில் பல வகுப்புகள் வித்தியாசப் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகின்றன. புத்தகத்தில் இருந்தது, படத்தில் இல்லை. ஆகவே படம் குறைவானது என்ற முடிவு வாசிப்பையும் வளர்ப்பதில்லை, பார்வையையும் வளர்ப்பதில்லை. நாவலும் சினிமாவும் வெவ்வேறு கலைகள் என்று ஜார்ஜ் புளூஸ்டோன் 1957லேயே வாதிட்டிருந்தும் மூலத்துக்கு விசுவாசமா என்ற அளவுகோல் எளிதில் மறைவதாக இல்லை. தேர்வு முடிந்த வாரத்தில் முழுப்படத்தையும் ஓடவிடுவது வேறொரு கதை. அதைப் பொழுதுபோக்கு என்றே சொல்லிவிடலாம்.

ஆராய்வதோடு ஆக்குவதையும் ஊடக எழுத்தறிவு உள்ளடக்குவதால், மாணவர்கள் ஒரு காட்சிக்கு ஸ்டோரிபோர்டு வரைவதும் கைபேசியில் படமெடுப்பதும் உண்டு. கல்லறைக் காட்சியை ஆறே ஷாட்டுகளில் முடிக்கச் சொன்னால், பாரிஸை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்ற வாக்குவாதம் அவர்கள் குழுவிலும் எழும்.