பெயர் மாறிய புனல்

இரசாயன ஆய்வுக்கூடத்தில் வீழ்படிவை வடித்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலையாகும். கூம்புப் புனலில் வைத்த வடிதாளினூடாக நீர் சொட்டுச் சொட்டாகவே இறங்கும். பன்சன் சுடரடுப்பினால் பெயர் விளங்கும் ஜேர்மானிய அறிஞர் றொபேட் பன்சன், 1868ஆம் ஆண்டில், நீர்ப்பம்பினால் கீழிருந்து காற்றை அகற்றி வடித்தலை விரைவுபடுத்தும் முறையை வெளியிட்டார். ஆயினும் உறிஞ்சும் விசையால் தாளின் நுனி கிழியாதிருக்க, விலையுயர்ந்த பிளாற்றினக் கூம்பொன்று அதனைத் தாங்க வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்த்தவர் ஏர்ன்ஸ்ட் பியூக்னர் என்னும் தொழிற்றுறை இரசாயனர். 1888ஆம் ஆண்டில் அவர் விவரித்த புனலில் துளைகளுள்ள தட்டையான தட்டொன்று அமைந்திருந்தது. வட்டத் தாள் அதன்மேற் படிந்து கிடக்கும். வேறு தாங்கி வேண்டுவதில்லை. சிறிதளவு பொருளை வடிப்பதற்கு, சரிந்த சுவருடைய ஹிர்ஷ் புனலே ஏற்றது.

பீங்காற் புனலில் துளைத்தட்டின் அடிப்பக்கம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாது. பயன்படுத்தியவுடனேயே புனலைத் தலைகீழாகப் பிடித்து, தண்டின் வழியே நீர் செலுத்திக் கழுவுதல் வேண்டும். இல்லையேல் முந்திய பொருளின் எச்சம் அடுத்ததைக் கெடுத்துவிடும்.

நொதித்தலை ஆராய்ந்து 1907ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற எடுவாட் பூக்னரே இப்புனலை அமைத்தவரெனப் பலர் மயங்குவர். பெயரொலியிலுள்ள சிறு வேறுபாட்டைப் பெரும்புகழ் மறைத்துவிட்டது. ஆயினும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் தாளைத் தாங்கி நிற்பது ஏர்ன்ஸ்ட் பியூக்னரின் துளைத்தட்டே.