யோசெஃபோவ்: பிராக் நகரின் பழைய யூதர் குடியிருப்பு

யோசெஃபோவ், செக் குடியரசின் தலைநகரான பிராக்கில், வல்டாவா ஆற்றின் வலக்கரையில், பழைய நகரச் சதுக்கத்துக்கு வடக்கே ஒட்டினாற்போல் உள்ள சிறு பகுதி. இடைக்காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரத்து யூதர்கள் இதற்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தார்கள். இன்று ஆறு தொழுகைக்கூடங்களும் யூதர்களின் நகர மன்றமும் ஓர் இடுகாடும் எஞ்சியுள்ளன. மக்கள் குடியிருந்த வீடுகளில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் ஐரோப்பிய யூத மரபிடங்களில் இதற்கு இணையான கூட்டம் வருவது வெகு சிலவற்றுக்கே. அப்படி வருகிறவர்களில் பலர், தாங்கள் நடப்பது ஒரு பழைய குடியிருப்பின் தெருக்களில்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தெருக்களும் பழையவை அல்ல, வீடுகளும் பழையவை அல்ல. இடிப்புக்குத் தப்பிய சில கட்டடங்களைச் சுற்றி எழுந்த புது நகரம் அது.

வரலாறு

1389ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளையொட்டிக் குடியிருப்புக்குள் புகுந்த கூட்டம் பெருங்கொலை நடத்தியது. உயிர்தப்பிய அவிக்தோர் காரா எழுதிய எபிரேய இரங்கற்பா, பாவக்கழுவாய் நாளான யோம் கிப்பூரில் இங்கே இன்றும் ஓதப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இதன் செழிப்பான காலம். எபிரேய அச்சுக்கூடம் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1526இல் இங்கே அச்சான பாஸ்கா நூல் மரச்செதுக்குப் படங்களுக்காகப் பெயர்பெற்றது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தம் அரசவையைப் பிராக்குக்கு மாற்றிய பிறகு, அவருக்குக் கடன் கொடுக்கும் அளவுக்குச் செல்வரான மொர்தெகாய் மைசல் தம் இனத்தாருக்குத் தொழுகைக்கூடமும் நகர மன்றமும் கட்டித் தந்தார்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராக் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர். 1744 டிசம்பரில் மரியா தெரேசா அவர்கள் அனைவரையும் வெளியேறும்படி ஆணையிட்டார். பிரஷ்யப் படை நகரைப் பிடித்திருந்தபோது யூதர்கள் எதிரிக்கு உடந்தையாக இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கடுங்குளிரில் ஊரைவிட்டுப் போனவர்களால் 1748இல்தான் திரும்ப முடிந்தது, அதுவும் கனத்த வரிக்கு ஒப்புக்கொண்டு. அவருடைய மகன் இரண்டாம் யோசெஃப் 1781இல் பொஹீமிய யூதர்களுக்குச் சலுகைகள் தந்தார். அந்த நன்றிக்காகவே, 1850இல் குடியிருப்பு பிராக் நகரின் ஐந்தாம் வட்டமாகச் சேர்க்கப்பட்டபோது யோசெஃபோவ் என்று பெயர் பெற்றது. தாயும் மகனும் இக்கட்டுரையில் மீண்டும் வருவார்கள்.

எங்கும் வாழலாம் என்ற உரிமை வந்ததும் வசதியுள்ள யூதர்கள் வெளியேறினார்கள். பழைய வீடுகளில் இனபேதமின்றி ஏழைகள் குடியேறினார்கள். நெரிசலையும் நோயையும் காரணம் காட்டி, குடியிருப்பை இடித்துக் கட்ட 1893இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இடிப்பு தொடங்கி, முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகள் வரை நடந்தது. சந்துகள் இருந்த இடத்தில் இன்றைய பாரிஸ் தெரு அகலமாக ஓடுகிறது. உலகின் விலையுயர்ந்த ஆடை, கடிகாரக் கடைகள் அதன் இருபுறமும் உள்ளன. இடிபட்ட மூன்று தொழுகைக்கூடங்களின் பொருள்களைக் காப்பாற்றவே 1906இல் யூத அருங்காட்சியகம் நிறுவப்பட்டது.

பின்காஸ் கூடமும் இடுகாடும்

நடைவழிகளில் பெரும்பாலானவை பின்காஸ் தொழுகைக்கூடத்திலிருந்தே இடுகாட்டுக்குள் இட்டுச்செல்கின்றன. இந்த வரிசை பார்வையாளர் வசதிக்காக ஏற்பட்டது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டைப் பார்த்துவிட்டுப் பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் நுழைவது நல்ல ஏற்பாடுதான்.

1535இல் கட்டிமுடிந்த பின்காஸ் கூடத்தில் இன்று வழிபாடு இல்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவர் முழுதும் எழுதப்பட்டுள்ளன. ஊர், குடும்பப் பெயர், தனிப்பெயர், பிறந்த நாள், உயிரோடு இருந்ததாகத் தெரியும் கடைசி நாள் என்பது எழுதிய முறை. வாட்ஸ்லாவ் போஷ்டீக், யிரி யோன் என்ற இரு ஓவியர்கள் 1954 முதல் 1959 வரை கையாலேயே எழுதினார்கள். 1968இல் நிலத்தடி நீர்க்கசிவைச் சரிசெய்யக் கூடம் மூடப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும் வரை திறக்கவில்லை. அதற்குள் எழுத்துகள் அழிந்துவிட்டதால் 1990களில் எல்லாப் பெயர்களையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. 2002ஆம் ஆண்டு வெள்ளம் கீழ்ப்பகுதியை மீண்டும் கெடுத்தது, மீண்டும் எழுதினார்கள்.

மாடியில் தெரெசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் உள்ளன. பாவ்ஹவுஸ் பள்ளியில் பயின்ற ஓவியரான ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் முகாமுக்குள் அவர்களுக்கு மறைவாக ஓவியம் கற்பித்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் இருந்தன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மீளவில்லை. தெரெசீன், பிராக்குக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள கோட்டை நகர். அதைக் கட்டியவர் யோசெஃபோவுக்குப் பெயர் தந்த அதே இரண்டாம் யோசெஃப். வைத்த பெயரோ, யூதர்களை நகரைவிட்டுத் துரத்திய தாயின் பெயர். பல வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. சொல்லத் தக்க செய்தி.

பழைய யூத இடுகாடு 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்டது. மிகப் பழைய கல், மேலே சொன்ன அவிக்தோர் காராவுடையது, ஆண்டு 1439. கடைசி அடக்கம் 1787. விரிவுபடுத்த நிலம் கிடைக்கவில்லை, புதைத்த உடலைத் தோண்டியெடுக்க யூதச் சமய நெறி இடம் தராது. ஆகவே மேலே மேலே மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை உண்டு என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கல்லைப் பிடுங்கி மேல்மட்டத்தில் நட்டதால், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. சந்தை நெரிசலைப் போல இருக்கும் இந்தக் காட்சிதான் சுற்றுலா அட்டைகளில் வருவது.

கற்களைப் படிக்க எபிரேயம் தெரிய வேண்டியதில்லை, சில குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஆசி வழங்கும் இரு கைகள் இருந்தால் குருக்கள் மரபினர். நீர்க்குடம் இருந்தால் லேவியர். விலங்குகள் பெரும்பாலும் பெயரைக் காட்டும்: சிங்கம், மான், கரடி, மீன். வாத்து செதுக்கிய கல் தாவீத் கான்ஸுடையது. 1613இல் இறந்த அவர் வரலாற்றாசிரியர், வானியலிலும் ஆர்வமுள்ளவர். டைக்கோ பிராகி, கெப்ளர் இருவரையும் அறிந்தவர். அவர் கல் முன் யாரும் நிற்பதில்லை. கூட்டம் முழுக்க, பின்னால் சொல்லப்படும் கோலெம் கதையால் புகழ்பெற்ற, 1609இல் மறைந்த ரபி யூதா லோவின் கல்லறையில். யூத வழக்கப்படி பூவுக்குப் பதில் கூழாங்கல் வைக்கிறார்கள். வேண்டுதல் எழுதிய தாள்களைக் கல்லிடுக்கில் செருகுகிறவர்களும் உண்டு.

பழைய-புதிய தொழுகைக்கூடம்

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுமார் 1270இல் கட்டப்பட்ட இதுவே ஐரோப்பாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய தொழுகைக்கூடம். அருகிலுள்ள புனித ஆக்னெஸ் மடத்தைக் கட்டிய கொத்தர்களே இதையும் கட்டியிருக்க வேண்டும் என்பது கலை வரலாற்றாசிரியர்கள் கருத்து. நடுவே இரு தூண்கள், இரட்டைக் கூடம், ஐந்து விலாக்கள் கொண்ட கோதிக் வளைகூரை. வெள்ளத்துக்கு அஞ்சித் தெருமட்டத்தை உயர்த்திக்கொண்டே போனதால், இப்போது படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் அமரும் பகுதி தனி. அவர்களுக்கும் தொழுகைக்கும் நடுவே தடித்த சுவரில் ஒடுங்கிய பிளவுகள் மட்டுமே உள்ளன. கூடத்தில் தொங்கும் சிவப்புக் கொடி, இங்குள்ள யூதர்களுக்குக் கொடி வைத்துக்கொள்ளும் உரிமை இருந்ததன் அடையாளம்.

பரணைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். ரபி லோவ் களிமண்ணால் கோலெம் என்ற உருவத்தைச் செய்து உயிர் கொடுத்து, யூதர்களைக் காவல் காக்க வைத்து, பின்பு அதைப் பரணில் போட்டுவிட்டார் என்பது கதை. அவர் காலத்து எழுத்து எதிலும் இது இல்லை. அவர் பெயரோடு கோலெம் ஒட்டிக்கொண்டது நெடுங்காலம் கழித்து. 19ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் அது பரவுகிறது. 1909இல் போலந்து ரபி யூடல் ரோசன்பெர்க் வெளியிட்ட கதைத் தொகுப்பு இன்றைய வடிவத்தைத் தந்தது. பத்திரிகையாளர் எகோன் எர்வின் கிஷ் பரணில் ஏறிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் இறங்கி வந்தார். உண்மையான லோவ் கல்வி முறையைப் பற்றிக் கறாரான கருத்துகள் கொண்ட பெரும் சிந்தனையாளர். சிறு பிள்ளைகளுக்கு வயதுக்கு மீறிய பாடத்தைத் திணிப்பதைக் கண்டித்தவர். 1592இல் பேரரசர் ருடால்ஃப் அவரை அழைத்துப் பேசினார் என்று தாவீத் கான்ஸ் குறித்திருக்கிறார். நினைவுப்பொருள் கடைகளில் விற்பதென்னவோ களிமண் பொம்மைதான்.

எதிரே யூத நகர மன்றம். அதன் கோபுரத்தில் வழக்கமான கடிகாரம் ஒன்று, கீழே எபிரேய எழுத்துகள் கொண்ட இன்னொன்று. எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் இந்தக் கடிகாரத்தின் முட்களும் எதிர்த்திசையில் சுற்றுகின்றன.

மற்றக் கூடங்கள்

மைசல் கூடம் 1592இல் முடிந்தது. 1689 தீவிபத்தில் எரிந்து, பின்பு புதுக்கோதிக் பாணியில் மாற்றப்பட்டது. கிளௌசன் கூடம் 1694ஆம் ஆண்டின் பரோக் கட்டடம். மூர் பாணியில் சுவரெல்லாம் பொன்வண்ணப் பூவேலை செய்த ஸ்பானியக் கூடம் 1868இல் எழுந்தது. அங்கே முன்பு நின்ற பழைய கூடத்தில் ஆர்கன் வாசித்தவர் ஃப்ரான்டிஷெக் ஷ்க்ரோப். இன்றைய செக் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர் அவரே. ஸ்பானியக் கூடத்தருகே, தலையில்லா உடையொன்றின் தோளில் எழுத்தாளர் காஃப்கா அமர்ந்திருக்கும் யாரோஸ்லாவ் ரோனாவின் சிலை 2003இல் வைக்கப்பட்டது. காஃப்கா 1883இல் பிறந்தது இக்குடியிருப்பின் விளிம்பில். அந்த வீட்டில் வாசல் மட்டும் மிச்சம். பிற்காலத்தில் குடும்பம் இடிப்புக்குப் பிறகு எழுந்த புதிய பாரிஸ் தெருவுக்குக் குடிவந்தது. 1912இல் அவருடைய ‘தீர்ப்பு’, ‘உருமாற்றம்’ கதைகள் அங்கேதான் எழுதப்பட்டன.

அருங்காட்சியகத்தின் போர்க்காலம்

1942 முதல், ஆளில்லாமல் போன பொஹீமிய, மொராவிய யூத ஊர்களின் வழிபாட்டுப் பொருள்கள் பிராக்குக்குக் கொண்டுவந்து குவிக்கப்பட்டன. இந்தத் திட்டத்தை முன்வைத்தவர்கள் யூத சமூகத்தின் பணியாளர்கள். நாஜி அதிகாரிகள் அனுமதித்தார்கள். ‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்’ அமைப்பது ஹிட்லரின் திட்டம் என்று சுற்றுலாக்களில் அடிக்கடி கேட்கலாம். அப்படிச் சொல்லும் நாஜி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. பட்டியல் போட்டுப் பொருள்களைக் காத்த பணியாளர்களில் பெரும்பாலோரும் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1950இல் அரசு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் 1,564 தோரா சுருள்கள் விற்கப்பட்டு, 1964இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொழுகைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1994இல் அருங்காட்சியகம் யூத சமூகத்திடம் திரும்பியது.

யோசெஃபோவுக்கு வெளியே

நல்ல வழிகாட்டி இங்கேயே நிறுத்திக்கொள்ள மாட்டார். சார்லஸ் பாலத்துச் சிலுவையைச் சுற்றிப் பொன் எழுத்தில் எபிரேய வாசகம் இருக்கிறது. கடவுளை இழித்துப் பேசினார் என்று யூத சமூகத் தலைவர் ஒருவர் மேல் வழக்கு வந்து, 1696இல் தண்டமாக அவர் செலவிலேயே பொறிக்கப்பட்டது. யூதர்கள் தங்கள் வேதத்தின் புனித வரியைச் சிலுவைமேல் பார்த்துக்கொண்டு கடந்துபோக வேண்டும் என்பதே தண்டனையின் நோக்கம். அதை விளக்கும் பலகை 2000இல்தான் வந்தது.

ஷிஷ்கோவ் பகுதியில், 1680 கொள்ளைநோயின்போது தொடங்கிய வேறொரு யூத இடுகாட்டின் பெரும்பகுதியை அழித்துப் பூங்காவும், 1980களில் தொலைக்காட்சிக் கோபுரமும் கட்டினார்கள். வென்செஸ்லஸ் சதுக்கத்தின் கீழ்ப்பகுதியில் 2020இல் தளத்தைப் பெயர்த்தபோது, யூதக் கல்லறைக் கற்களை உடைத்துத் தரை பாவியிருந்தது வெளிப்பட்டது. மெருகேற்றிய பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்ததால் மேலே நடந்தவர்களுக்குத் தெரியவில்லை. கற்கள் யூத சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

செல்வோர் கவனத்துக்கு

ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகைகளிலும் அருங்காட்சியகக் கட்டடங்கள் மூடியிருக்கும். வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கிவிடுவதால் பழைய-புதிய கூடம் அன்று முன்னதாகவே சாத்தப்படும். அது அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததல்ல, யூத சமூகத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. சீட்டு வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். காஃப்காவின் கல்லறையைத் தேடிப் பழைய இடுகாட்டுக்குள் அலைகிறவர்கள் உண்டு. அது 1890இல் திறந்த புதிய யூத இடுகாட்டில், நகரின் கிழக்கே, ஷெலிவ்ஸ்கேஹோ மெட்ரோ நிலையத்தை ஒட்டி இருக்கிறது. பெற்றோரும் அவரும் ஒரே கல்லின் கீழ் உள்ளார்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட அவருடைய மூன்று தங்கைகளின் பெயர்களைத் தாங்கிய பலகை கல்லின் அடியில் இருக்கிறது.