ஆய்க்குடியில் ஐந்து பிள்ளைகள்



மலாக்கா மாநிலத்தில் நமக்கு 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிய வரும் பெற்றோரிடம் வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று விசாரிப்பது நம் வழக்கம். சில வேளைகளில் தாய் சற்றுத் தயங்கி, "மூத்தது ஒன்னு இருக்கு சார், அதுக்கு நடக்க வராது, வீட்லயே இருக்கு" என்பார். அந்த மூத்த பிள்ளையின் பெயர் நம் பதிவேட்டில் ஒருநாளும் ஏறியிருக்காது. இத்தகைய பிள்ளைகளைத் தேடிச் சென்று துணைநிற்கும் பணி தமிழரிடையே எவ்வாறு வேரூன்றியது என்பதற்குத் தமிழ்நாட்டின் ஆய்க்குடி ஒரு நல்ல சான்று. அதனைக் கூறுமுன் நம் மண்ணின் நிலையையும் சிறிது நோக்குவோம்.

1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானிலும் தோட்டம் விரிந்தது. அதன் பின்னர் மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டே கப்பலேறினர். உழைக்கும் உடல்தான் அனுமதிச் சீட்டு. இங்கு வந்தபின் நோயாலோ விபத்தாலோ உழைக்க இயலாது போனவர்கள், 1907இல் அமைந்த இந்தியக் குடிநுழைவு நிதியின் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. செக்ரோலில் பெயர் இருந்தால்தான் லயத்தில் வீடு என்னும் ஏற்பாட்டில், உழைக்க இயலாத பிள்ளைக்கென ஓர் இடம் எங்கும் வகுக்கப்படவில்லை. கைக்குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. ஆறு, ஏழு வயதாகியும் நடக்காத பிள்ளைக்குப் பாட்டியோ அக்காளோதான் துணை. விடியுமுன் தாய் பெரட்டுக்குப் போய்விடுவாள். அதனால் அக்காளின் படிப்பும் சேர்ந்தே நின்றுபோவது உண்டு. ஒரு பிள்ளையின் குறைபாடு இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது என்பதை நம் தோட்டப்புற வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

நாட்டின் பழமையான உடற்பேறு குறைந்தோர் இல்லங்களுள் ஒன்று மலாக்காவில்தான் பிறந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் மருத்துவப் பணியினர் 1926இல் இங்குத் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லமே அது. 1931இல் அது பினாங்குக்கு இடம் மாறிவிட்டது. அந்நாளைய இல்லங்கள் செய்த நன்மை பெரிது. ஆயினும் பிள்ளை பெற்றோரை விட்டு நெடுந்தொலைவு போனால்தான் பயன் என்னும் நிலை, தோட்டத் தொழிலாளிக்கு எட்டாத ஒன்று. வீட்டிலிருந்தபடியே உதவி கிடைக்க வழி இல்லையா என்னும் வினாவுக்கு விடை பல்லாண்டுகள் கழித்தே வந்தது. அவ்விடையைத் தம் வாழ்க்கையால் எழுதியவர்களுள் இருவரை இனிக் காண்போம்.

ஆய்க்குடி இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்பர். புறநானூற்றில் அவனைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அவர் பெயரின் முன் நிற்கும் 'முட' என்னும் அடை அவருடைய உடல்நிலையைக் குறிப்பதாகவே அறிஞர் கொள்வர். அதே நூலின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குருடு, செவிடு, ஊமை, கூன் முதலிய எட்டு வகைப் பிறப்பையும் பயனற்றவை என்னும் பொருளில் எண்ணிக் காட்டுகிறார். ஒரே நூலில் இவ்விரண்டும் இருக்கின்றன. வகுப்பில் புறநானூற்றைப் போற்றும் நாம் முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அவ்வூரைச் சேர்ந்தவர் திரு. எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் கல்வியின் நான்காம் ஆண்டில் இருந்தபோது கடற்படை அதிகாரிகள் தேர்வுக்காகப் பெங்களூரு சென்றார். 1975ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், உடற்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. இவ்வகைக் காயத்தில் மூளைக்குச் சிறிதும் குறைவில்லை. உடல்தான் கட்டளை கேட்பதில்லை. தொடு உணர்ச்சி இல்லாததால் ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும். ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாரேனும் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். சிறுநீர் வழியில் நோய்த்தொற்று ஏற்படாமல் காக்கவேண்டும். இப்பணிகளில் ஒன்று தவறினாலும் உயிருக்கே கேடு. அவரைத் தேற்றி, வாழ்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று உணர்த்தியவர் படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல். ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்புக்கு அம்மருத்துவரின் பெயரிலிருந்தே 'அமர் சேவா சங்கம்' எனப் பெயர் சூட்டினார். ஐக்கிய நாடுகள் மன்றம் அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்ததும் அதே 1981தான்.

தொடக்கம் மிக எளியது. ஐந்து பிள்ளைகள், ஒரு தொடக்கப்பள்ளி, அவ்வளவே. கட்டடமும் இல்லை, புகழும் இல்லை. தம் உடலை அசைக்க இயலாத ஒருவர் பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறார் என்றால், அவரைத் தூக்கி அமர்த்தவும் உணவூட்டவும் அவர் சொன்னதை எழுதவும் அன்றாடம் சில கைகள் இருந்தாக வேண்டும். இத்தகைய அமைப்புகளின் வரலாற்றில் நிறுவனர் பெயர் நிலைக்கிறது. அந்தக் கைகளின் பெயர்கள் நிலைப்பதில்லை.

1992இல் திரு. எஸ். சங்கரராமன் இணைந்தார். தசைச் சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் இயங்கும் இவர் ஒரு பட்டயக் கணக்காளர். சென்னையில் தொழில் நடத்தி வந்தவர், அதனை விட்டு ஆய்க்குடிக்கு வந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். தொண்டு அமைப்புக்குக் கணக்காளர் வந்து சேர்ந்ததைப் பெரிய செய்தியாக யாரும் பேசுவதில்லை. என்னைப் பொறுத்தவரை சங்கம் நிலைபெற்றதற்கு இதுவே தலையாய காரணங்களுள் ஒன்று. நல்ல மனம் மட்டும் இருந்து வரவு செலவு சரியாக இல்லாமல் கலைந்துபோன சங்கங்களை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். சக்கர நாற்காலியில் இருந்த இருவர் தலைமை ஏற்று நடத்திய இடம், 30 ஏக்கர் வளாகமாக வளர்ந்தது. அங்குள்ள சிவசரஸ்வதி வித்யாலயாவில் குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகவே படிக்கின்றனர். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆயினும் வளாகத்தைவிட ஊர்தோறும் செல்லும் பணியாளர்களே ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கத்தக்கவர்கள். அவர்கள் பெரும்பாலும் அவ்வட்டாரத்துப் பெண்கள். வீடுவீடாகச் சென்று, கழுத்து நிற்காத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை உண்டா எனக் கேட்டறிந்து, பயிற்சி தருகின்றனர், தாய்க்கும் கற்றுத்தருகின்றனர். பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் தசைகள் இறுகி, நீட்டி மடக்காமல் விட்டால் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். பின்னர் அமர வைப்பதே கடினம். இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் பத்து வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் அவ்வளவு வேறுபாடு. அண்மைய ஆண்டுகளில் பணியாளர்கள் கைப்பேசிச் செயலி ஒன்றில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிய, இயன்முறை மருத்துவர்கள் அதனைப் பார்த்து வழிகாட்டுகின்றனர்.

இம்முறைக்கு உலகளவில் ஒரு பின்னணி உண்டு. 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா அறிக்கைக்குப் பின் உலகச் சுகாதார நிறுவனம் சமூகம் சார்ந்த மறுவாழ்வுத் திட்டத்தை வகுத்தது. குடும்பத்தாரே பயிற்சி கொடுப்பதற்கான அதன் கையேட்டை உருவாக்கியவர்களுள் இலங்கையின் இயன்முறை மருத்துவர் பத்மணி மெண்டிஸும் ஒருவர். மலேசியாவில் இத்திட்டம் 1984இல் கோலத் திரங்கானுவின் பத்து ராக்கிட் வட்டாரத்தில் 55 பேருடன் தொடங்கியது. நாம் 'பி.டி.கே.' என்றழைக்கும் நிலையங்களின் பிறப்பு அதுவே. இன்று நாடெங்கும் 500க்கும் மேற்பட்டவை உள்ளன. சமூக நலத்துறையின் கீழ், பெற்றோரும் ஊராரும் அமைந்த குழுக்கள் அவற்றை நடத்துகின்றன. அக்குழுக்களில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். தீபாவளிக்கு முறுக்கும் புத்தாடையும் கொண்டுபோய்ப் படம் பிடித்து வருவதற்குக் குறைவில்லை. மாதக் கூட்டத்தில் போய் உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

பள்ளிக் கல்வியில் இன்னொரு வரலாறும் உண்டு. 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள், 'கற்பிக்கத்தக்க' பிள்ளைகளையே ஏற்றன. பல குறைபாடுகள் ஒருங்கே உள்ளோரையும் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளோரையும் அவை வெளியே நிறுத்தின. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது. 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. எந்தப் பிள்ளையையும் மறுத்தலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயதாகிறது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் அவர்களுடைய குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகர்ப்புறங்களின் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறி வாழ்கின்றன. லயத்தில் இருந்தபோது அக்கம்பக்கத்தார் அறிந்திருந்த பிள்ளை, அடுக்குமாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பி.டி.கே. நிலையங்கள் பள்ளி வயதைக் கடந்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. சமூக நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் 'ஓ.கே.யூ.' அட்டைக்குப் பதிவு செய்வதற்கும் வயது தடையன்று. தம்பியையோ தங்கையையோ பள்ளியில் பதிய வரும் தாயிடம் இதனைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.