மூளைக் காடு – 14: சின்னத்தம்பி திரும்பிய வழி

1954-இல் மாண்ட்ரியலில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் இறக்கிய மின்கம்பி இடம் தவறிப் போய் வரலாற்றையே திருப்பியது. அந்தக் கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். இடையில் கோவை காந்திபுரத்தில் ஆனைகட்டி பஸ் ஏறித் தடாகம் போய் வந்தேன். அங்கே திரிந்த காட்டு யானை சின்னத்தம்பியைத் தாண்டி எலியிடம் போக மனம் வரவில்லை.

2019 ஜனவரி 25. தடாகத்தில் மயக்க ஊசி போட்டு, ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, டாப்சிலிப்பை அடுத்த வரகளியாறு காட்டில் விட்டார்கள். ஒரே வாரத்தில் மலையிறங்கினான். அங்கலக்குறிச்சி, உடுமலை, பிறகு மடத்துக்குளம் பக்கத்துக் கரும்புக் காடு. காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய கும்கி யானை கலீம் வந்தும் அவன் காட்டுக்குத் திரும்பவில்லை.

இதை அடங்காத்தனம் என்றார்கள். நான் ஏற்க மாட்டேன். தடாகத்தில் செங்கல் சூளைகள் ஓடிய காலத்தில் எரிக்கப் பனைத் துண்டங்களை அடுக்கி வைப்பார்கள். யானை அதைக் காலால் மிதித்துப் பிளந்து, உள்ளிருக்கும் நார்ச் சோற்றை உருவித் தின்னும். நரம்பியலாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். பழச்சாறு நாக்கில் பட்டபோது துடித்த டோபமைன் செல்கள், பழகியபின் சாறு வருமென்று சொல்லும் விளக்கைக் கண்டதுமே துடித்தன. யானைக்கு விளக்கு வேண்டாம், வாசம் போதும்.

பயம் தடுக்காதா? ஒரு தோட்டக்காரர் சொன்னார்: “மொதல்ல வெடி போட்டா ஓடுச்சுங்க. இப்பக் காதை ஆட்டிட்டு அங்கயே நிக்குதுங்க.” நரம்பியலாளர் ஜோசப் லெடூவின் எலிகள் ஒலிக்கு அஞ்சியது, கூடவே மின்னதிர்ச்சி வந்ததால். அந்த இணைப்பு பதிந்த இடம், மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா. வலி தொடராத சத்தம் நாளடைவில் வெறும் சத்தம்தான். கரும்போ ஒவ்வொரு முறையும் இனிக்கிறது.

பிப்ரவரி 15-இல் மறுபடி பிடித்து, கரோல் என்னும் மரக்கூண்டில் அடைத்தார்கள். சொன்னது கேட்டால் பாகன் கையிலிருந்து கரும்பு. ஆனால் அடைபட்ட மூளைக்கு என்ன ஆகும்? பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் 2 மணி நேரமாக 10 நாள் அசையவிடாமல் வைத்தது. நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் தழைத்தன. 21 நாள் ஓய்வுக்குப் பின் ஹிப்போகேம்பஸ் தேறியது, அமிக்டலா தேறவில்லை. கரோலை நினைக்கும்போதெல்லாம் இந்த ஆய்வு என்னை உறுத்துகிறது.

என் பார்வையில் சின்னத்தம்பி வில்லன் இல்லை. காட்டோரம் இனிப்பை அடுக்கி வைத்துப் பாடம் நடத்தியவர்கள் நாம். சூளைகள் 2021-இல் மூடப்பட்டன; அவனுக்கு அது தாமதம். இன்று அவன் கும்கி. மற்ற யானைகளைத் தோட்டத்திலிருந்து விரட்டப் போகும்போது, அந்தக் கரும்பு வாசம் அவன் துதிக்கைக்கும் எட்டத்தான் செய்யும்.

மாண்ட்ரியல் எலி, அடுத்த வாரம்.