ஊவாத் தேயிலையும் சீனத்து வித்தையும்

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்து உறவுகளுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பிள்ளைகள் உதடு வெடித்துப்போய் வகுப்புக்கு வருகிறார்கள். நம் தோலை வறட்டுகிற இதே காற்றுத்தான் மலையில் கொழுந்தையும் வறட்டுகிறது. அந்த வறட்சியால்தான் நம் மாகாணத்தின் பெயர் வெளிநாட்டுத் தேநீர்க் கடைகளில் எழுதப்பட்டிருக்கிறது. சீனாவின் கீமன், இந்தியாவின் டார்ஜிலிங், நம் ஊவா: உலகின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலைகள் என்று சீனரும் ஜப்பானியரும் இவற்றைத்தான் சேர்த்துச் சொல்வார்கள். நோன்பு திறந்ததும் நாம் கேட்கிற முதல் தேத்தண்ணிக்கு இவ்வளவு பெரிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

"தே" என்பதே சீனச் சொல். புகியான் கரையோர மக்கள் தேயிலையை அப்படித்தான் சொன்னார்கள். கப்பலில் போன ஊர்களில் அது "தே", "டீ" ஆயிற்று. தரைவழியே போன ஊர்களில் "சா", "சாய்" ஆயிற்று. பி.ஓ.பி. என்று ஸ்டோரில் சொல்கிறோமே, அதில் உள்ள "பெக்கோ"வும் அந்தக் கரையின் சொல்தான். இளம் மொட்டின் மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறிக்கிறது.

சீனாவில் தேயிலைக்கே வாழ்ந்தவர்களின் பெயரை மறக்கமாட்டார்கள். 8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். எந்தத் தண்ணீர், எந்த அடுப்பு, எந்தக் கிண்ணம் என்பதுவரை அதில் இருக்கிறது. இன்றும் அவரைத் தேயிலையின் ஞானி என்கிறார்கள். கீமன் கறுப்புத் தேயிலை 1875 அளவில்தான் தொடங்கியது. அதை முதலில் செய்தவர் பதவி இழந்த அதிகாரி யூ கான்சென் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், இல்லை ஹூ யுவான்லொங் என்று இன்னொரு சாரார். ஒரு தேயிலையைச் செய்தவர் யார் என்று சண்டை பிடிக்கிற ஊர் எவ்வளவு நல்ல ஊர்!

வூ ஜுவேநொங் (1897–1989) என்பவரையும் சொல்லவேண்டும். தொண்ணூறு வயதுவரை தேயிலையைத் தவிர வேறு நினைப்பில்லாதவர். தேயிலைச் செடியின் தாயகம் சீனாதான் என்று 1922இல் எழுதி வாதாடியவர். அவரே 1930களின் நடுப்பகுதியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார், தேயிலைத் தொழிலைப் படிக்க. குருவின் வீட்டுப் பிள்ளை சீடனின் வீட்டுக்குப் பாடம் கேட்க வந்த கதை. அதற்குள் பிரித்தானியச் சந்தையில் சீனத் தேயிலையை இந்தியாவும் இலங்கையும் தள்ளிவிட்டிருந்தன.

அந்த வித்தை இங்கே வந்த வழி நேரானதல்ல. 1824இல் சீனச் செடி பேராதனைத் தோட்டத்துக்கு வந்தது. 1841இல் வோர்ம்ஸ் குடும்பத்தார் புஸல்லாவையில் சீனச் செடி நட்டு, ஒரு சீனத் தொழிலாளியை வைத்துத் தேயிலை செய்து பார்த்தார்கள். செலவு கட்டுபடியாகவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்டார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பு வைத்து உலர்த்தினார். அது அப்படியே சீனத்துக் கைமுறை. 1869இல் கோப்பிக்கு நோய் வந்தது. கோப்பி சாகச் சாக ஊவா மலையெல்லாம் தேயிலை ஏறியது.

நம் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் ஒரே பெயர் லிப்டன். 1890இல் வந்தார், கோப்பி விழுந்து விலை இறங்கியிருந்த தோட்டங்களை வாங்கினார், டம்பத்தன்னையில் ஸ்டோர் கட்டினார். மலையுச்சியில் அவர் உட்கார்ந்த இடத்தில் இப்போது சிலையும் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் தேயிலையை விற்கத் தெரிந்த மளிகைக் கடைக்காரர். செய்யத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள்.

உருட்டும் மெஷின் வந்தது, உலர்த்தும் சிரோக்கோ வந்தது. சீனனின் கை போயிற்று. மூக்குப் போகவில்லை. அந்த மூக்குத்தான் டீமேக்கர்.

பின்னேரம் கொழுந்து ஸ்டோருக்கு வரும். மேல்மாடியில் பரப்பி இராமுழுக்க வாட வைப்பார்கள். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். கையை விரித்ததும் இலை விரியாமல் பந்தாக நின்றால் சரி. பச்சைப் புல் மணம் மாறிப் பழ மணம் வரவேண்டும். பிறகு அரைவை. சலித்து எடுப்பது முதல் தூள், இரண்டாம் தூள். நம் "தூள்" இங்கிலீசுத் தேயிலைப் புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. தூளைப் பரப்பினால் பச்சை செம்பு நிறமாகும். எந்த நிமிடத்தில் அதை அள்ளி அடுப்புக்கு அனுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கச்சான் காலத்தில் இலையை அதிகமாக வாட்டி, குறைவாகப் புளிக்க விடவேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஊவாவின் மணம் போய்விடும்.

அந்த மணம் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூட்டுவலிக்குப் பூசும் தைலத்தின் மணம். மெதைல் சலிசிலேட் என்ற அதே பொருள்தான் இரண்டிலும். மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டும் காற்று நம் பக்கம் வறண்டு வரும். அந்தக் காய்ச்சலைத் தாங்கக் கொழுந்து தனக்குள் சுரப்பது இது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைதான்.

இங்கேதான் எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இருக்கிறது. அந்த மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை. அதே வறட்சியில் கொழுந்து குறைவாக வருகிறது. எடுக்கிற பெண்ணின் கூடை நிறைவதில்லை. தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் "பேர்" என்று பெயர். நிறை போதாவிட்டால் அரைப் பேர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் அந்த விரல் இல்லாவிட்டால் டீமேக்கரின் மூக்குக்கு வேலையில்லை. செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பேர் போட்டார்கள். சரித்திரத்தில் ஒருவருக்கும் பேர் போடவில்லை. எங்கள் வாப்பாவின் கடைக் கடன் கொப்பியில்கூட "டீமேக்கர் ஐயா – சீனி 2 இறாத்தல்" என்றுதான் இருக்கும்.

1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலை நம் மக்கள் "அழுகைக் கோச்சி" என்றார்கள். அதில் போனவர்களின் விரலிலும் மூக்கிலும் இருந்ததை எந்தக் கடதாசியிலும் கணக்கெடுக்கவில்லை.

போனவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் 1968இலிருந்து தமிழ்நாடு அரசு தேயிலை நட்டது. கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இன்றும் அவர்கள் பிள்ளைகள் கொழுந்து எடுக்கிறார்கள். கூடலூருக்குப் போகும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்திலிருந்து கைதிகளாக அனுப்பப்பட்ட சில சீனர்கள் தண்டனை முடிந்து அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டி, மரக்கறியும் கோப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பார்த்து எட்கார் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். அவர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பியவர்கள் கேட்டுவிட்டு அனுப்பவில்லை.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் டீமேக்கராக, வாட்டும் மாடியில், அரைவையில், கொழுந்து மலையில் காலம் கழித்த பெரியவர்கள் இருந்தால், பெயர், தோட்டம், டிவிசன், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று கீழே எழுதுங்கள். மௌத்தானவர்கள், காலமானவர்கள் பெயரும் வேண்டும். பல ஸ்டோர்களில் டீமேக்கர்கள் சிங்களவர்கள், அவர்கள் பெயரும் வரட்டும். இந்தியா போன சொந்தக்காரர்களின் நம்பர் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பள்ளிக்கூட நூலகத்தில் இதற்கென்று ஒரு பெரிய கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வருவதை முதல் பக்கத்தில் எழுதுவேன்.