தரங்கம்பாடிக் கப்பலும் திருப்பூர்ச் சபையும்

கொங்கு நாட்டுச் சமயங்கள் – 17

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று இரவு கூலி வாங்கிய கட்டிங் மாஸ்டரும் ஓவர்லாக் டெய்லரும் செக்கிங் பெண்களும், கிறிஸ்தவர்களாக இருந்தால், ஞாயிறு காலை அவரவர் சபையைத் தேடிப் போவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குச் சி.எஸ்.ஐ. கோயில் உண்டு. கத்தோலிக்கருக்கு மாதா கோயில் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் தெருவுக்குத் தெரு உண்டு. இவற்றுக்கிடையே 'டி.இ.எல்.சி.' என்று நான்கு எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த சபை ஒன்றும் உண்டு. விரித்தால், தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. திருப்பூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று கொங்கு நாட்டில் அதற்குச் சபைகள் இருக்கின்றன.

இந்தச் சபைகளுக்கெல்லாம் தலைவரான பேராயரின் பட்டப்பெயர் 'தரங்கைப் பேராயர்'. அவருடைய தலைமையகம் இருப்பது திருச்சியில். பட்டம் மட்டும் கீழைக் கடலோரத்துத் தரங்கம்பாடியுடையது. நொய்யல் கரையில் கூடும் ஒரு சிறு சபைக்கும் அந்தக் கடலோரச் சிற்றூருக்கும் என்ன உறவு? அதைச் சொல்லாமல் கொங்கு லுத்தரன்களின் கதையைத் தொடங்க முடியாது.

துணி வாங்க வந்தவர்கள்

தரங்கம்பாடியின் கதையும் வியாபாரத்தில்தான் தொடங்குகிறது. 1620இல் டென்மார்க் நாட்டார் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டினார்கள். மிளகும் துணியும் வாங்கிக் கப்பலேற்றுவதே அவர்கள் நோக்கம். சமயம் பரப்பும் எண்ணம் அந்தக் கம்பெனிக்கு இல்லை. கோட்டைக்குள் தங்கள் ஆட்களுக்கு ஒரு கோயில் இருந்தால் போதும் என்றிருந்தார்கள்.

86 ஆண்டுகள் கழித்து டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் இரண்டு ஜெர்மானிய இளைஞர்களை அனுப்பினார். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சா. 1706 ஜூலை 9 அன்று அவர்கள் வந்து இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது. சொந்தக் கம்பெனியின் ஆட்களே அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகத்தான் பார்த்தார்கள். ஆளுநர் ஹாசியசோடு ஏற்பட்ட மோதலில் 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்க் சிறைக்குப் போய் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார்.

அதற்குள் அவர் தமிழ் படித்துவிட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. லண்டன் சங்கம் ஒன்று அச்சுப்பொறி அனுப்பியது. 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் காகித ஆலையே தொடங்கிப் பார்த்தார்கள்.

இவ்வளவு பாடும் எதற்காக? இதற்கு விடை அவர்களுடைய நம்பிக்கையில் இருக்கிறது.

என்ன நம்புகிறார்கள்?

1517இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய கேள்வி ஒன்றுதான்: மனிதன் கடவுள் முன்னால் நீதிமானாக நிற்பது எதனால்? காணிக்கை, யாத்திரை, விரதம், பாவமன்னிப்புச் சீட்டு எதனாலும் இல்லை. கடவுளின் கிருபையால், கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமே என்பது அவர் கண்ட விடை. நற்செயல் வேண்டும். ஆனால் அது மரத்தில் கனி பழுப்பது போல விசுவாசத்திலிருந்து வருவது, மீட்பை விலைக்கு வாங்கும் பணம் ஆகாது. 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இதைச் சட்டமாக வகுத்தது. உலகெங்கும் லுத்தரன் சபைகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை.

விசுவாசம் வேத வசனத்தைக் கேட்பதால் வருகிறது என்றால், கேட்பவனுக்குப் புரியும் மொழியில் வசனம் இருக்க வேண்டும். ஆகவே தாய்மொழியில் வேதம். அதைப் படிக்க எழுத்தறிவு. அதற்குப் பள்ளிக்கூடம். தரங்கம்பாடியில் தொடக்க ஆண்டுகளிலேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி நடந்தது. லுத்தரன் மிஷன் போன இடமெல்லாம் கோயிலோடு ஒரு பள்ளியும் ஒட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான்.

சாக்கிரமெந்துகள் இரண்டு: ஞானஸ்நானம், திருவிருந்து. குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெரியவர்களானதும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைப் படித்துத் திடப்படுத்தல் பெற்ற பிறகு திருவிருந்தில் பங்கு. அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது லுத்தரன் போதனை. வெறும் நினைவுச் சின்னம் என்று சொல்லும் சபைகளோடு அவர்கள் ஒத்துப்போகாத இடம் இது.

1529இல் வெளிவந்த அந்தச் சிறிய ஞானோபதேசத்தைத் திருப்பூர்க்காரர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அன்றாட அப்பம் என்றால் என்ன என்ற கேள்விக்கு லுத்தர் சோற்றோடு நிறுத்தவில்லை. உடை, செருப்பு, வீடு, நல்ல ஆட்சி, நல்ல பருவநிலை, நல்ல அண்டை வீட்டார் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். களவு செய்யாதே என்ற கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, மட்டமான சரக்கை விற்பதும் ஏமாற்று வியாபாரமும் களவுதான் என்றார். துறவி செய்வது மட்டுமே இறைத்தொண்டு என்ற எண்ணத்தையும் அவர் ஏற்கவில்லை. செருப்பு தைப்பவனும் வீடு பெருக்கும் பெண்ணும் தம் வேலையாலேயே கடவுளுக்குத் தொண்டு செய்கிறார்கள் என்பது அவர் போதனை. இதன்படி பார்த்தால் பேட்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதும் ஓர் அழைப்புத்தான்.

பாட்டு வந்த வழி

லுத்தரன் வழிபாட்டில் பிரசங்கத்துக்கு இணையான இடம் பாட்டுக்கு உண்டு. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை நூற்றுக்கணக்கில் தமிழாக்கினார். வேதாகமத்தையும் புதிதாக மொழிபெயர்த்தார், 1779இல் அகராதியும் வெளியிட்டார். அந்தப் பாட்டுகளின் மெட்டு ஜெர்மானியருடையது. நம் மண்ணின் இராகத்தில் பாட வைத்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்த அவரைத் தஞ்சைக்கு அழைத்துப்போய் வளர்த்தவர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர். இன்று ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் மாறி மாறி ஒலிக்கின்றன.

சறுக்கிய இடம்

மொழியில் வென்ற இந்தச் சபை சாதியில் சறுக்கியது. இதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது.

1707 மே மாதம் தரங்கம்பாடியில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். ஆனால் உயர்சாதியினர் சேரச் சேர, 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே ஆட்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். 1733 டிசம்பர் 28 அன்று முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். கடலூரைச் சேர்ந்த வேளாளர் அவர். அவரோடு தகுதியில் குறையாத உபதேசியார் இராஜநாயக்கன் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று சொல்லி அவரை ஒதுக்கினார்கள். விசுவாசம் ஒன்றே தகுதி என்று பிரசங்கித்த சபை, போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது பிறப்பைப் பார்த்தது.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அநாதையாக நின்ற சபைகளை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் 1847இல் ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849இல் இங்கே வந்து சில ஆண்டுகள் சுற்றினார். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்த அறிஞர் அவர். தமிழர் கிறிஸ்தவரானாலும் தமிழராகவே இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அதே மூச்சில் சாதியையும் சமூக வழக்கம் என்று விட்டுவைத்தார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் சாதியைத் துறக்கவேண்டும் என்று தீர்மானித்தபோது லைப்சிக் மிஷன் அதற்குக் கட்டுப்படவில்லை. அதை எதிர்த்து வெளியேறிய கார்ல் ஓக்ஸ், கடலூருக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை நிறுவினார். டேனிஷ் மிஷனோடு இணைந்த அந்தப் பணியே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 1890களில் லைப்சிக்கை விட்டு விலகிய வேறு சிலர் அமெரிக்க மிசூரி லுத்தரன்களோடு சேர்ந்து 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார்கள். அது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் லுத்தரன்கள் மூன்று பெயரில் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவுகள்தான்.

மேற்கே வந்த சபை

லைப்சிக் மிஷன் காவிரிக் கழிமுகத்தோடு நிற்கவில்லை. ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் ரயில் பாதை 1862இல் நிறைவேறியது. மிஷனும் கொங்கு நாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் அதன் மேற்கு எல்லை நிலையங்கள்.

1914இல் முதல் உலகப்போர் வெடித்ததும் ஜெர்மானியர்கள் பகைநாட்டவர் ஆனார்கள். ஆங்கில அரசு அவர்களைக் காவலில் வைத்தது, பின் கப்பலேற்றி அனுப்பியது. ஏற்கெனவே கூடவே பணியாற்றிய ஸ்வீடன் திருச்சபையார் பொறுப்பை ஏற்றார்கள். வெளிநாட்டுக்காரரை நம்பியே சபை நடந்தால் என்ன ஆகும் என்பதைப் போர் காட்டிக்கொடுத்துவிட்டது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சுயாட்சியோடு உருவானது. 1921இல் ஸ்வீடன்காரரான எர்னஸ்ட் ஹியூமன் முதல் தரங்கைப் பேராயர் ஆனார். தமிழர் ஒருவர் அந்த இருக்கையில் அமர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ராஜா பூஷணம் மாணிக்கம்.

இடையில் 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. லுத்தரன்கள் அதில் சேரவில்லை. பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. உபதேசத்தில் முழு உடன்பாடு முதலில், இணைப்பு பிறகு என்பதே லுத்தரன் நிலை. திருப்பூரில் இரண்டு கோயில்களும் இன்றும் தனித்தனியே இருப்பதன் பின்னணி இது. கத்தோலிக்கரோடு இருந்த பழைய வழக்குக்கு மட்டும் ஒரு முடிவு வந்தது. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் பற்றி லுத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

பீரோவில் இருக்கும் வரலாறு

திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியது 1925இல் என்பார்கள். லுத்தரன் திருச்சபை சுயாட்சி பெற்று அப்போது ஆறே ஆண்டுகள். தொழிலோடு ஊர் வளர்ந்தது, ஊரோடு சபைகளும் வளர்ந்தன. வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சபையின் வழக்கங்களைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

தரங்கம்பாடியின் கதையை நாம் நாள், கிழமையோடு சொல்ல முடிவதற்குக் காரணம், அங்கிருந்து போன கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஓலைகளையும் ஹாலே நகரத்தார் முந்நூறு ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தியதுதான். இராஜநாயக்கனை ஒதுக்கிய செய்திகூட அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. கொங்குச் சிற்றூர்ச் சபைகளின் கதை ஹாலேயில் இல்லை. அது ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் சபைக் கூட்டக் குறிப்பிலும் ஆலயத்து பீரோவுக்குள் இருக்கிறது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார், யாரை மணந்தார் என்று அந்த ஏடுகள் சொல்லும். இந்தத் தொழில் நகரத்தின் குடிபெயர்வு வரலாற்றை எழுத இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

சபைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது பழைய காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரிக்கும் முன் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். முடிந்தால் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒரு படி கொடுத்து வையுங்கள்.

(தொடரும்)